குடுவை கலங்கட்டும்

நுண்ணுயிரியல் கற்றுக்கொள்ள என்னிடம் வருகிற பிள்ளைகளுக்கு முதலில் ஒரு வெள்ளைத்தாளைத்தான் கொடுப்பேன். மடிக்கணினி மேசையில் மூடியபடி இருக்கும். "பாஸ்டர் குடுவையைக் காய்ச்சி வைத்துவிட்டார். கழுத்து வளைந்திருக்கிறது. ஒரு வாரம் கழித்து உள்ளே என்ன ஆகும், எழுது. ஏன் அப்படி ஆகும், அதையும் எழுது. கழுத்து நேராக இருந்தால்? அதற்கும் ஒரு வரி எழுது." இந்த மூன்றும் தாளில் விழுந்த பிறகுதான் மவுஸ் அவர்கள் கைக்குப் போகும். எதிர்பார்ப்பை எழுதாமல் பொத்தானை அமுக்குகிறவர் சினிமா பார்க்கிறார். எழுதிவிட்டு அமுக்குகிறவர்தான் சோதனை செய்கிறார்.

கல்லூரி ஆய்வகத்தில் செயல்விளக்கம் காட்டுவது என் தொழில். சாயங்காலங்களில் புதுக்கோட்டை திருக்கோகர்ணத்து வீட்டின் முன்னறையில் பழைய பெரிய சோதனைகளைப் பிள்ளைகளோடு சேர்ந்து திரையிலும் தாளிலும் மறுபடி நடத்துகிறேன். பாஸ்டர், கோக், கிரிஃபித், லூரியா, ஹெர்ஷி எல்லோரும் இந்த அறைக்கு வந்து போனவர்கள்தான்.

எனக்குக் கை பழக்கியவர் ஓர் ஆய்வக உதவியாளர். அவரை எல்லோரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவோம். கிருமி வளர்க்கும் தட்டுக்கு லிட்டருக்கு 15 கிராம் அகார் என்பது புத்தகத்திலேயே இருக்கிறது. காய்ச்சிய அகார் எப்போது ஊற்றும் பதத்துக்கு வந்தது என்பதை மேஸ்திரியின் புறங்கைதான் சொல்லும். குடுவையைத் தொட்டுப் பார்ப்பார். கை பொறுத்தால் ஊற்றச் சொல்வார். பொறுக்காத சூட்டில் ஊற்றினால் மூடியெல்லாம் நீர் முத்து கட்டி, அது சொட்டி, வளர்ந்த காலனிகள் ஒன்றோடு ஒன்று கரைந்து ஓடும். ரொம்ப ஆறவிட்டால் குடுவையிலேயே கட்டிதட்டிப் போகும். கணினி இதையெல்லாம் சொல்லித் தராது என்று அவர் குறை சொன்னதே இல்லை. "கண்ணுக்கு அது, கைக்கு இது" என்பார். இன்றுவரை என் பாடத்திட்டம் அந்த ஒரு வாக்கியம்தான்.

சிமுலேஷன் எதற்கு என்று சில பெற்றோர் கேட்பதுண்டு. நிஜமாகச் செய்ய முடியாதவற்றுக்குத்தான். நிமோனியாக் கிருமியை எலிக்கு ஊசி போட்டு எலி சாகிறதா என்று பார்க்க நம் கல்லூரியில் முடியாது, முடிந்தாலும் கூடாது. கதிரியக்கப் பாஸ்பரஸும் காலரா கிருமியும் இளங்கலை மேசைக்கு வரவே கூடாதவை. ஆனால் இந்தத் துறையின் தலையாய கேள்விகளுக்கு விடை கிடைத்தது அப்படிப்பட்ட பொருள்களில்தான். 2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடியபோது பெட்ரி தட்டே எட்டாத பொருளாகிவிட்டது. அப்போது மத்திய அரசின் மெய்நிகர் ஆய்வகத் திட்டத்தில் அம்ரிதா விஸ்வ வித்யாபீடம் அமைத்து வைத்திருந்த கிராம் சாயம், கோட்டுப் பூச்சு, வளர்ச்சி வரைகோடு பாடங்கள்தாம் என் பிள்ளைகளுக்குச் சோறு போட்டன. அந்த ஆண்டு டிசம்பரோடு ஃப்ளாஷ் மென்பொருளும் நின்றது. அதில் செய்த பழைய அசைபடப் பாடங்கள் பல ஒரே நாளில் ஊமையாயின. அதிலிருந்துதான் எக்செல் அட்டவணையிலும் காகிதத்திலும் நானே பாடம் செய்யத் தொடங்கினேன். இந்த வேலைக்குப் பெரிய மென்பொருள் தேவையில்லை என்பது அப்போது தெரிந்தது.

முதல் பாடம் கிரிஃபித். ஆண்டு 1928, இடம் லண்டன். வழவழப்பான உறை போட்ட நிமோனியாக் கிருமி எலியைக் கொல்லும். உறை இல்லாத சொரசொரப்பு வகை கொல்லாது. உறைக் கிருமியைச் சூட்டால் கொன்று செலுத்தினால் எலி பிழைக்கும். செத்த உறைக் கிருமியையும் உயிருள்ள சொரசொரப்பையும் சேர்த்துச் செலுத்தினால் எலி சாகும், அதன் இரத்தத்தில் உயிருள்ள உறைக் கிருமி கிடைக்கும். திரையில் நான்கு எலிகள், நான்கு ஊசிகள், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

முடிந்ததும் பிள்ளைகள் எழுந்துவிடுவார்கள், நான் உட்கார வைப்பேன். "செத்த கிருமி பிழைத்து வந்திருக்கலாமே?" என்றால் மூன்றாவது எலியைக் காட்டுவார்கள், சரி. "சொரசொரப்பு வகை தானாகவே பழையபடி உறை போட்டுக்கொண்டிருந்தால்?" இங்கே அறை அமைதியாகிவிடும். அப்படித் திரும்புவது உண்டு என்பது கிரிஃபித்துக்கும் தெரியும். அதனால்தான் அவர் உறையால் வேறுபடும் இரண்டு இனங்களை எடுத்து, இரண்டாம் இனத்திலிருந்து வந்த சொரசொரப்பையும், மூன்றாம் இனத்தின் செத்த உறைக் கிருமியையும் கலந்தார். தானாகத் திரும்பியிருந்தால் கிடைத்திருக்க வேண்டியது இரண்டாம் இனம், கிடைத்ததோ மூன்றாம் இனம். சோதனையின் உயிரே அந்த இனத் தேர்வில் இருக்கிறது. நான் பார்த்த திரைப் பாடங்களில் பெரும்பாலானவை இதை விட்டுவிடுகின்றன. எலியின் மீசையைக்கூட வரைகிறார்கள், பாடம் எளிமையாக வேண்டும் என்று வாதத்தின் முதுகெலும்பை உருவிவிடுகிறார்கள்.

இதிலிருந்து கற்ற வித்தை ஒன்று உண்டு. எந்தப் பழைய சோதனையை எடுத்தாலும் அந்தக் காலத்தில் அதை நம்பாதவர் என்ன கேட்டிருப்பார் என்று தேடுங்கள். அந்தக் கேள்விக்கு ஒரு பொத்தான் சிமுலேஷனில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தாளில் நீங்களே சேருங்கள்.

ஹெர்ஷி, சேஸ் 1952இல் செய்த சோதனையும் இப்படித்தான். வைரஸின் புரத உறைக்குக் கதிரியக்கக் கந்தகம், டி.என்.ஏவுக்குக் கதிரியக்கப் பாஸ்பரஸ். பாக்டீரியாவில் ஒட்டவிட்டு, சமையலறை மிக்சி போன்ற ஒன்றில் சுற்றி உறையை உதறினார்கள். திரையில் பார்த்தால் கந்தகம் முழுக்க வெளியே, பாஸ்பரஸ் முழுக்க உள்ளே. நிஜத்தில் கந்தகம் ஏறக்குறைய எண்பது சதவீதம்தான் உதிர்ந்தது, பாஸ்பரஸிலும் ஒரு பங்கு வெளியே வந்தது. அந்த அழுக்கு எண்களை வைத்துக்கொண்டு அவர்கள் எவ்வளவு துணிந்து சொன்னார்கள், எங்கே நிறுத்திக்கொண்டார்கள் என்பதுதான் பிள்ளைகள் படிக்க வேண்டிய பாடம். நூற்றுக்கு நூறு காட்டும் திரையில் அதைப் படிக்க வழியில்லை. ஆகவே என் அட்டவணையில் எண்களை அழுக்காகவே வைத்திருக்கிறேன்.

எனக்குப் பிடித்த பாடத்துக்கு மின்சாரமே வேண்டாம். 1943இல் லூரியாவும் டெல்புருக்கும் கேட்ட கேள்வி இது. வைரஸைத் தாங்கும் பாக்டீரியா, வைரஸைப் பார்த்த பிறகு தாங்கப் பழகுகிறதா, அல்லது பார்ப்பதற்கு முன்பே எங்கோ ஒன்று தற்செயலாக மாறி இருக்கிறதா? நாங்கள் இதைப் புளியங்கொட்டையில் செய்கிறோம். தாயம் விளையாட உரசுவது போலக் கொட்டையை ஒரு பக்கம் வெள்ளை தெரிய உரசி ஐந்து ஐந்தாகக் கொடுத்துவிடுவேன். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு சோதனைக் குழாய். ஒரு செல்லில் தொடங்கி இரண்டு, நான்கு, எட்டு என்று முப்பத்திரண்டு வரை பெருக்க வேண்டும். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு வீச்சு. ஐந்தும் வெள்ளை விழுந்தால் பிறந்த இரண்டில் ஒன்று தாங்கும் செல், அதன் வாரிசுகள் எல்லாமும் தாங்கும்.

முப்பத்தோரு வீச்சு முடிந்ததும் எண்ணிக்கையைக் கரும்பலகையில் எழுதுவோம். மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலான குழாய்களில் பூஜ்யம். சிலவற்றில் ஒன்று, இரண்டு. எப்போதாவது முதல் வீச்சிலேயே வெள்ளை விழுந்த பிள்ளை ஒன்று பதினாறோடு நிற்கும், அறை கத்தித் தீர்க்கும். பிறகு மற்றக் கட்சிக்கு ஆட்டம். முப்பத்திரண்டு செல்லும் தயாராக இருக்கின்றன, வைரஸ் வருகிறது, இப்போது ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு வீச்சு. சராசரி ஏறத்தாழ ஒத்துப்போகட்டும் என்று இதற்கு நான்கு கொட்டை மட்டும். இந்த முறை பெரும்பாலோருக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று கிட்டத்தட்ட ஒரே மாதிரி வரும். பதினாறு வருவதே இல்லை.

சராசரியைப் பார்த்தால் இரண்டு ஆட்டமும் ஒன்று போலத்தான், சிதறலைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். லூரியாவும் டெல்புருக்கும் நிஜப் பாக்டீரியாவில் கண்டது முதல் ஆட்டத்தின் சிதறலை. மாற்றம் முன்பே நடந்திருக்கிறது. புள்ளியியல் என்றாலே ஓடுகிற பிள்ளைகள் இந்த ஒரு மாலைக்குப் பிறகு சிதறலை நோய்க்குறியாகப் படிக்கத் தொடங்குவார்கள். கொட்டையை உரசுவதிலும் ஒரு பக்குவம் உண்டு. அதிகம் உரசினால் ஒரு பக்கமே விழும். அதனால் ஆட்டத்துக்கு முன் ஒவ்வொன்றையும் தனியே பலமுறை வீசிப் பார்த்து, ஒருதலைப்பட்சமான கொட்டையை எடுத்து எறிந்துவிட வேண்டும். கருவியைச் சோதிக்காமல் சோதனை தொடங்கக் கூடாது என்பதைக் கொட்டையே கற்றுக் கொடுத்துவிடும். கைக்குப் பழகிய பிறகு இதையே எக்செல்லில் ஆயிரம் குழாய்க்கு ஓட்டலாம். முதலில் எக்செல்லைத் திறந்தால் எண் வரும், புரிதல் வராது.

இனிக் கைக்கு வருவோம். கிராம் சாயம் 1884இலிருந்து நம்மோடு இருக்கிறது. ஊதா ஒரு நிமிடம், அயோடின் ஒரு நிமிடம், ஆல்கஹால், பிறகு சாஃப்ரனின். மெய்நிகர் ஆய்வகத்தில் ஆல்கஹால் புட்டியைச் சொடுக்கினால் சரியான அளவு தானாக விழும். நிஜ மேசையில் பாதிப் பிள்ளைகள் இங்கேதான் கவிழ்வார்கள். கொஞ்சம் அதிகம் ஊற்றினால் ஊதா நிறமாக நிற்க வேண்டிய கிருமியும் வெளுத்து இளஞ்சிவப்பாகிவிடும், குறைந்தால் எல்லாமே ஊதா. மேஸ்திரி கடிகாரம் பார்க்கச் சொன்னதில்லை. கண்ணாடிச் சில்லைச் சாய்த்துப் பிடித்து, வழியும் துளியைப் பார்க்கச் சொல்வார். "துளியில நிறம் வர்றது நிக்குதா, அப்ப நீயும் நிறுத்திரணும். அடுத்த துளி பேராசை, தம்பி." பூச்சு தடிமனாக இருந்தால் எந்தக் கணக்கும் பலிக்காது. பின்னால் செய்தித்தாள் எழுத்து தெரிகிற அளவு மெல்லியதாக இழுக்க வேண்டும்.

கிருமியை எடுக்கிற லூப்பைப் பிடிப்பதும் அப்படி. நிக்ரோம் கம்பியைச் செக்கச் சிவக்கக் காய்ச்சியதும் நேரே காலனியைத் தொட்டால் சுர்ரென்று சத்தம் கேட்கும், அது கிருமி வேகிற சத்தம். அகார் ஓரத்தில் ஒரு தடவை தொட்டு ஆற்றிவிட்டுத்தான் காலனிக்குப் போக வேண்டும். திரையில் லூப் சுடுவதும் இல்லை, ஆறுவதும் இல்லை. அந்தப் பாடத்தை முடித்துவிட்டு ஆய்வகத்துக்கு வருகிற பிள்ளைக்கு வரிசை தெரியும், காத்திருப்பு தெரியாது.

வெப்பநிலைக்குப் பொத்தான் இல்லாத பாடங்களைப் பார்த்தாலும் எனக்குப் பொறுக்காது. ராபர்ட் கோக் கிருமிகளைத் தனித்தனியாகப் பிரிக்க முதலில் வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டில் வளர்த்தார், பிறகு ஜெலட்டினில். ஜெலட்டின் இருபத்தைந்து டிகிரியைத் தாண்டினாலே இளகத் தொடங்கும். பெர்லினின் கோடைக்கே அது சரிப்படவில்லை. புதுக்கோட்டைச் சித்திரை வெயிலில் நாம் ஜெலட்டினைத் தட்டில் ஊற்றினால் ரசம்தான் கிடைக்கும். 1881இல் ஃபேனி ஹெஸ்ஸே என்கிற அம்மாள், தன் வீட்டுச் சமையலில் பழகிய அகாரைச் சொல்லித்தான் கோக்கின் ஆய்வகம் தப்பியது. உறைந்த அகார் மறுபடி இளக எண்பது டிகிரிக்கு மேல் வேண்டும், உடல் வெப்பத்தில் கிருமியைத் தாராளமாக வளர்க்கலாம். அந்த அகார் நமக்கு அந்நியப் பொருளும் இல்லை. மண்டபம், ராமேசுவரம் பக்கத்துப் பெண்கள் கடலில் மூழ்கிப் பறிக்கிற மரிக்கொழுந்து பாசியிலிருந்து வருவதுதான். இதைச் சொன்ன பிறகு பிள்ளைகள் அகார் தட்டை வீணாக்குவது குறைந்திருக்கிறது.

இப்போது பாஸ்டருக்கு வருகிறேன். திரைப் பாடங்களிலேயே அதிகம் ஓடுவது அவருடைய அன்னக் கழுத்துக் குடுவைதான். சர்க்கரை சேர்த்த ஈஸ்ட் நீரைக் காய்ச்சுகிறார். வளைந்த கழுத்தில் தூசி தங்கிவிடுகிறது, காற்று மட்டும் போய் வருகிறது. நீர் மாதக்கணக்கில் தெளிவாக நிற்கிறது. கழுத்தை உடைத்தாலோ, சாய்த்துத் தூசியை நனைத்தாலோ கலங்கிவிடுகிறது. உயிர் உயிரிலிருந்துதான் வரும் என்று காட்டியதற்காக 1862இல் பிரெஞ்சு அறிவியல் அகாதமியின் பரிசும் கிடைத்தது.

இதை நாங்கள் நிஜமாகவும் செய்கிறோம். கண்ணாடிக் குழாயை வளைப்பதில் மேஸ்திரியின் கை பேர்போனது. புன்சன் அடுப்பின் வாயில் மீன்வால் மூடி போட்டுத் தீயை அகலமாக்குவார். குழாயை இரண்டு கையாலும் ஒரே வேகத்தில் உருட்டிக்கொண்டே இருப்பார். தீ மஞ்சளாகும், குழாய் தளரும். எல்லோருக்கும் அந்த நொடியில் தீக்குள்ளேயே வளைக்கத் தோன்றும். அப்படி வளைத்தால் உள்பக்கம் நசுங்கித் துவாரம் அடைபடும். அவர் தீயை விட்டு வெளியே எடுத்து, ஒரு மூச்சு பொறுத்து, அதன் பாரத்துக்கே அது சாய்வதற்கு விட்டு, மெதுவாக வளைப்பார். பிறகு காற்றுத் துளையை மூடிய புகைத்தீயில் கரி படியும்வரை காட்டி ஆற்றுவார். அவசரமாகக் குளிர்ந்த கண்ணாடி ஒரு வாரம் கழித்துத் தானாகவே விரியும். வளைத்த குழாயைத் தக்கையில் செருகிக் குடுவையில் பொருத்தினால் பாஸ்டர் தயார்.

இரண்டு குடுவை வைப்பேன். ஒன்றில் பாஸ்டரைப் போலச் சர்க்கரை ஈஸ்ட் நீர். மற்றதில் வைக்கோல் ஊறல். இரண்டுக்கும் ஒரே வளைந்த குழாய், ஒரே கொதி. பிள்ளைகள் தாளில் எழுதியிருப்பார்கள், இரண்டும் தெளிவாக நிற்கும் என்று. திரையில் பார்த்துவிட்டார்கள் அல்லவா? இரண்டு மூன்று நாளில் வைக்கோல் குடுவை கலங்கும், மேலே ஆடை கட்டும்.

முகங்களைப் பார்க்க வேண்டும். "குழாயில் ஓட்டை இருக்கும் சார்", "நாங்க சரியா கொதிக்க விடல", "பாஸ்டர் சொன்னது தப்பா?" மூன்றையும் எழுதிக்கொள்ளச் சொல்வேன். விடை சொல்ல மாட்டேன். ஓட்டையா? அதே குழாயை மாற்றிப் போட்டு மறுபடி வை. கொதி போதவில்லையா? இன்னும் அதிக நேரம் கொதிக்கவிடு. மறுபடியும் வைக்கோல்தான் கலங்கும். அந்தக் கட்டத்தில்தான் பூஷே என்ற பெயரைச் சொல்வேன். பாஸ்டரை எதிர்த்து, உயிர் தானாகத் தோன்றும் என்று நின்றவர். அவர் எடுத்தது வைக்கோல் போன்ற உலர்புல் ஊறல். அவர் குடுவைகள் கலங்கின, அவர் கண்டதைத்தான் சொன்னார். வைக்கோலில் இருக்கிற பாசில்லஸ் வகைக் கிருமி கொதிநீரையும் தாங்கும் வித்தாக ஒடுங்கிக் கிடக்கும் என்பது 1876இல் ஃபெர்டினாண்ட் கோன் காட்டிய பிறகுதான் தெளிந்தது. அடுத்த ஆண்டு டிண்டால், ஒரு நாள் கொதிக்கவைத்து, வித்து முளைக்க இடைவெளி விட்டு, மறுநாளும் அதற்கு மறுநாளும் கொதிக்கவைத்தால் தீரும் என்றார்.

இதைக் கேட்டதும் பிள்ளைகளே செய்வார்கள். ஒரு குடுவைக்கு மூன்று நாள் கொதி, இன்னொன்றுக்குப் பிரஷர் குக்கர். முழு அழுத்தத்தில் குக்கருக்குள் நூற்றிருபது டிகிரியைத் தொடும். தக்கையும் குழாயும் இல்லாமல் பஞ்சடைப்போடு உள்ளே வைத்து, அரை மணி நேரம் விட வேண்டும். இரண்டும் தெளிவாக நின்றால் அவர்கள் பாஸ்டரைக் காப்பாற்றிவிட்டார்கள், அதுவும் பூஷேயின் வைக்கோலை வைத்துக்கொண்டே. ஒன்று மட்டும் கண்டிப்பு. கலங்கிய எதையும் திறந்து முகரக் கூடாது, குக்கரில் வேகவைத்த பிறகுதான் சாக்கடைக்குப் போக வேண்டும். அந்தக் குக்கர் மறுபடி சமையலறைக்குப் போகக் கூடாது.

அதன் பிறகு என் சிமுலேஷன் அட்டவணையில் 'என்ன நீர்?' என்று ஒரு கட்டம் சேர்த்தேன். ஈஸ்ட் நீர், வைக்கோல் ஊறல், கஞ்சித் தண்ணீர். வைக்கோலையோ கஞ்சியையோ தேர்ந்தால் திரையிலும் கலங்கும். விடை தவறிப்போகிற வழியைத் திறந்துவிட்டால்தான் அது சிமுலேஷன். எப்படி அமுக்கினாலும் பாஸ்டரே ஜெயிப்பார் என்றால் அது பாடப்புத்தகத்துக்குப் போட்ட வண்ணச் சட்டை.

கடைசிப் பாடத்தை நான் செய்து கொடுப்பதில்லை, பிள்ளைகள்தாம் செய்ய வேண்டும். சோதனை நம் நாட்டுடையது. கோக் கொல்கத்தாவுக்கு வந்து 1884இல் காலராவின் வளைந்த கிருமியைப் பிரித்தெடுத்தார், ஆனால் அதைக் கொடுத்து எந்த விலங்குக்கும் காலரா வரவழைக்க அப்போது அவரால் முடியவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து அதே கொல்கத்தாவில் சம்பு நாத் டே முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரண்டு பக்கமும் கட்டி, அதற்குள் கிருமியைச் செலுத்தினார். துண்டு நீர் கோத்து வீங்கியது. 1959இல் கிருமியையே வடிகட்டி நீக்கிய வெறும் சாற்றைச் செலுத்தினார், அப்போதும் வீங்கியது. ஆளைக் கொல்வது கிருமி சுரக்கிற நஞ்சு என்று தெரிந்தது.

இதைத் தாளில் சிமுலேஷனாக வடிவமைத்து வாருங்கள் என்பதுதான் பணி. முயல் படத்தை எல்லோரும் அழகாக வரைந்து வருவார்கள். நான் மூன்று கேள்வி கேட்பேன். கட்டியதாலேயே குடல் வீங்கியிருந்தால்? கிருமி வளர்த்த ஊட்டநீராலேயே வீங்கியிருந்தால்? வடிகட்டியில் கிருமி தப்பி வந்திருந்தால்? இந்த மூன்றுக்கும் படத்தில் தனித்தனித் துண்டோ தட்டோ இருந்தால் அந்தப் பிள்ளைக்கு நுண்ணுயிரியல் வந்துவிட்டது. இல்லையென்றால் முயலை அப்படியே வைத்துவிட்டு அவற்றை மட்டும் வரைந்து வரச் சொல்வேன். மடிக்கணினியை அதற்கப்புறம் திறந்தால் போதும்.